சித்திரை வெயிலிலும் இலை உதிராத காடு!

சித்திரை மாதம். உச்சி வேளை.

புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்கு அருகே ஒரு செம்மண் பூமி. வரப்பில் புல் கருகிக் கிடக்கிறது. ஏரி வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. பனைமரத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது.

அந்தக் காய்ந்த வெளியின் நடுவிலே ஒரு கரும்பச்சைத் திட்டு! கிட்டப் போனால், அது ஐயனார் கோவில் காடு. வாசலில் மண் குதிரைகள் நிற்கின்றன. ஆடு மேய்க்க வந்த சிறுவன் துண்டை விரித்துப் படுத்திருக்கிறான். அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியவில்லை. ஒரே இலை, இலைக்கு மேல் இலை!

யாரும் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. வாய்க்காலும் இல்லை, கிணறும் இல்லை. மழை பெய்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் காடு பச்சையாகவே நிற்கிறது.

இது எப்படி?

தலைகீழான காடு

கோடையில் முதுமலைப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். தேக்கு மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, எலும்புக் கூடு போல நிற்கும். தண்ணீர் இல்லாத காலத்தில் இலை ஒரு செலவு. இலை வழியாகத்தான் மரத்தின் நீர் ஆவியாக வெளியேறுகிறது. ஆகவே மரம் இலையை உதிர்த்துவிட்டு, மழை வரும்வரை ‘பட்டினி’ கிடக்கிறது. இதுதான் வறண்ட நாட்டு மரங்களின் வழக்கமான வழி.

கிழக்குக் கடற்கரையிலோ எல்லாம் தலைகீழாக இருக்கிறது. வருஷத்தில் ஆறு மாதம், சில இடங்களில் எட்டு மாதம்கூட, வறட்சிதான். அப்படியும் மரங்கள் இலையை விடுவதில்லை!

இந்தக் காட்டுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரே ஒரு புதிர் போல இருக்கும். ‘வெப்ப மண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்பது அந்தப் பெயர். உலர்ந்த காடு, ஆனால் பசுமை மாறாத காடு! இந்தியக் காடுகளை வகை பிரித்து சாம்பியன், சேத் என்ற இருவர் 1968ல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

விசாகப்பட்டினம் முதல் ராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் இந்தக் காடு ஒரு காலத்தில் பரவியிருந்தது. இலங்கையின் வறண்ட பகுதியிலும் இதன் சொந்தக்காரக் காடுகள் உண்டு.

ரகசியம் இலையில்!

இந்தக் காட்டின் ரகசியம் அதன் இலையில் இருக்கிறது.

பாலை மரத்தின் இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். தோல் போலக் கெட்டியாக இருக்கும். மேல்புறம் மெழுகு தடவியது போலப் பளபளக்கும். வாழை இலையைக் கிழிப்பது போல இதைக் கிழித்துவிட முடியாது.

அந்த மெழுகுப் பூச்சு நீர் வீணாகாமல் காக்கிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. மரம் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். வெயில் கொளுத்தி நீர் தட்டுப்படும் நேரத்தில், அந்தத் துளைகளை மரம் மூடிக் கொள்கிறது. நாம் மத்தியானத்தில் ஜன்னலைச் சாத்திக் கொள்வது போல!

சரி, இலையை உதிர்த்துவிட்டுப் போனால் என்ன?

துணிக்கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். மெல்லிய துணி விலை குறைவு, சீக்கிரம் கிழியும். கெட்டித் துணி விலை அதிகம், பல வருஷம் உழைக்கும். தேக்கு மரம் வருஷா வருஷம் புதுத் துணி வாங்குகிறது. பாலை மரம் கெட்டித் துணி வாங்கி, நெடுநாள் வைத்துக் கட்டுகிறது.

இந்தக் கரையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 40 முதல் 50 அங்குலம். மற்றபடி கோடையில் ஒரு மழை, ஆடியில் ஒரு தூறல் என்று எப்போதாவது வந்து போகும். தயாராக இலை வைத்திருக்கிற மரம்தான் அந்தச் சில்லறை மழையையும் பயன்படுத்திக் கொள்ள முடியும். இலையில்லாத மரம் துளிர் விடுவதற்குள் ஈரம் காய்ந்துவிடும்!

பசுமை மாறாக் காடு என்றால் இலையே விழாது என்று அர்த்தமல்ல. இலை விழும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் விழாது. பழையது விழும்போது புதியது அங்கே இருக்கும்.

காட்டுக்குள் யார் யார்?

இந்தக் காட்டின் மரங்கள் பிரம்மாண்டமானவை அல்ல. பெரும்பாலும் வீட்டுக் கூரைக்குச் சற்று மேலேதான் எழும்பும். ஆனால் அவற்றின் உறுதியோ உறுதி!

முதல் மரியாதை பாலைக்குத்தான். இதற்கு உலக்கைப் பாலை என்றும் பெயர். பெயரே காரணம் சொல்கிறது. அவ்வளவு கெட்டியான மரம். மெதுவாகத்தான் வளரும். கோடையில் பொன்னிறத்தில் சிறு பழம் பழுக்கும். தின்றால் தித்திக்கும், உதட்டில் பால் ஒட்டும். யாழ்ப்பாணத்தாருக்கும் வன்னியாருக்கும் இந்தப் பாலைப் பழம் நன்றாகத் தெரியும். அந்தக் காட்டுக் கரடிகளுக்கும் தெரியும்! பழக் காலத்தில் கரடி மரத்தில் ஏறியே தின்னும்.

பழக்கடையில் வாங்குகிற சப்போட்டாவுக்கும் இந்தப் பாலைக்கும் உறவு உண்டு. சப்போட்டாக் கன்றைப் பெரும்பாலும் பாலைக் கன்றின் மேல்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். மேலே தெரிவது மெக்ஸிகோ பக்கத்து மரம். மண்ணுக்குள் இருப்பது நம் கரையின் வேர்!

அடுத்தது காசா மரம். கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப் பூப் பூக்கும். பாய்க்குச் சாயம் ஏற்றும்போது காசா இலையையும் சேர்ப்பது பழைய வழக்கம். பிறகு வீரை, கருங்காலி, நாவல், மகிழம், இரும்பு போல் கனக்கும் இரும்புலி. கசப்புக்குப் பேர் போன எட்டியும் இங்கே உண்டு. ஊறுகாய்க்கு ஏற்ற களாவும் உண்டு.

கொடிகளுக்கும் குறைவில்லை. மோதிரக்கண்ணி என்று ஒரு கொடி. பற்றி ஏறுவதற்காக அதன் கொக்கிகள் வளைந்து மோதிரம் போலவே இருக்கும். கிராமத்துப் பெண் குழந்தைகள் அதைப் பறித்து விரலில் போட்டுப் பார்ப்பதுண்டு.

இந்த மரங்களில் பலவற்றின் பழம் சிறியது, சதைப்பற்றுள்ளது. கொண்டைக்குருவி தின்கிறது, குயில் தின்கிறது, இரவில் வௌவாலும் மரநாயும் தின்கின்றன. தின்ற இடத்திலேயே கொட்டையைப் போடுவதில்லை. எங்கெங்கோ கொண்டு போய்ப் போடுகின்றன. காட்டுக்கு விதை விதைக்கும் உழவர்கள் இவர்கள்தாம். கூலியும் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது!

இரண்டு கற்பூரங்களின் கதை

கடலோரத்தில் பசுமை மாறாத காடு நமக்கு மட்டும் சொந்தமா? இல்லை. உலகத்தில் வேறு வேறு சீதோஷ்ணத்தில் இத்தகைய காடுகள் உண்டு. ஊருக்கு ஊர் மரங்கள் மாறும், எண்ணிக்கை மாறும்.

வீட்டுப் பூஜை அறையிலிருந்தே தொடங்கலாம்.

பாயசத்தில் போடும் பச்சைக் கற்பூரம் எந்த மரத்திலிருந்து வந்தது? சுமத்ரா, போர்னியோ தீவுகளின் காடுகளில் வளரும் ஒரு ராட்சத மரத்திலிருந்து. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம் இந்தக் கற்பூரத்தால்தான் பேர் பெற்றது. அங்கே தமிழ் வணிகர்கள் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் காலம் 1088. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னே நம்மவர்கள் அந்தக் காட்டின் வாசல் வரை போயிருக்கிறார்கள்!

போர்னியோவில் சரவாக் கடற்கரைக்கு அருகே லம்பிர் என்ற காடு இருக்கிறது. இந்தக் கற்பூர மரம் அங்கே ஏராளம். அங்கு மழை இல்லாத மாதமே கிடையாது. குளிரும் கிடையாது. விஞ்ஞானிகள் அங்கே 52 ஹெக்டேர், அதாவது சுமார் 130 ஏக்கர் நிலத்தை அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் இட்டு எண்ணினார்கள். எத்தனை தினுசு மரம் இருந்தது தெரியுமா? சுமார் 1,200!

இரண்டாவது, தட்டில் ஏற்றுகிற கற்பூரம். இன்று அதைப் பெரும்பாலும் ஆலையில் செய்கிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த கற்பூரத்தில் பெரும்பங்கு தைவானிலும் ஜப்பானிலும் வளர்ந்த வேறொரு மரத்திலிருந்து வந்தது. அந்த மரமும் பசுமை மாறாத மரம்தான். இலவங்கப் பட்டை மரத்தின் நெருங்கிய உறவு.

பனியிலும் பச்சை!

ஜப்பானில் மழைக்குப் பஞ்சமில்லை. அங்கே மரங்களுக்குச் சோதனை குளிர்தான்.

குளிர் மிகுந்த உள்நாட்டு மலைகளில் மரங்கள் இலையை உதிர்த்துவிடுகின்றன. ஆனால் கடலோரத்தில் அப்படி இல்லை. கடல் குளிர்காலத்தில் சீக்கிரம் ஆறுவதில்லை. அதன் அணைப்பில் கரையோர நிலம் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சௌகரியத்தைப் பிடித்துக் கொண்டு, ‘டபு’ என்ற மரம் ஜப்பானின் பெருந்தீவில் வட கோடிக் கரை வரைக்கும் போயிருக்கிறது. அதன் இலையும் கெட்டி, மெழுகுப் பளபளப்பு! இங்கே வெயிலுக்கு வைத்துக் கொண்ட கெட்டி இலை, அங்கே குளிருக்கு உதவுகிறது.

டபு மரத்தின் பட்டையைப் பொடித்து ஜப்பானியர் ஊதுபத்தி செய்கிறார்கள். பொடி ஒட்டிக் கொள்வதற்கு அது பசையாகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று இருக்கிறது. அதன் பட்டையும் இங்கே ஊதுபத்திக்குத்தான் போகிறது!

ஐரோப்பாவுக்குத் தென்மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் மதைரா என்று ஒரு தீவு. போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்தது. அங்கே கோடையில் மழை குறைவு. ஆனால் கடற்காற்று மேகத்தைத் தள்ளிக் கொண்டு வந்து மலைச்சரிவில் மோதுகிறது. அந்த மேகத்தை இலைகள் பிடித்து, துளித் துளியாகக் கீழே சொட்டுகின்றன. காடே தண்ணீர் இறைக்கிறது! அங்கே லாரல் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வகை மரங்கள்தாம் முக்கியம். ஒரு காலத்தில் இத்தகைய காடு தெற்கு ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. உலகம் குளிர்ந்து வறண்டபோது அங்கே அழிந்துவிட்டது. தீவுகளில் மட்டும் தப்பிப் பிழைத்தது. 1999ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இப்போது ஒரு வரிசை தெரிகிறது அல்லவா? ஓயாத மழையும் ஓயாத வெப்பமும் இருக்கிற இடத்தில் மர வகைகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. வறட்சியோ குளிரோ குறுக்கே வந்தால் எண்ணிக்கை சுருங்குகிறது. நம் கரைக் காட்டில் ஓர் இடத்தில் காண்பது சில பத்து வகை மரங்கள்தாம்.

எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டமா? இல்லவே இல்லை! லம்பிர் காட்டுக் கற்பூர மரத்தைக் கொண்டு வந்து இங்கே நட்டால், ஒரு சித்திரையைத் தாண்டுமா? இந்த வெயிலில் தேறி வந்தவை இந்தச் சில பத்து வகைகள்தாம். ஆகவே இவை ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றவை.

மிஞ்சியது எவ்வளவு?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைக் காக்க மலையே இருந்தது. இந்தக் காட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது சமவெளியில் இருந்தது. மனிதன் குடியேறியதும் இங்கேதான், உழுததும் இங்கேதான், நகரம் கட்டியதும் இங்கேதான். வயலுக்காகக் கொஞ்சம் போயிற்று. விறகுக்காகக் கொஞ்சம் போயிற்று. சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் போடுவதற்காக இன்னும் கொஞ்சம் போயிற்று.

இன்று மிஞ்சியிருப்பவை துண்டு துண்டுகள். 1967ல் சரணாலயமான கோடியக்கரையில் ஒரு பெரிய துண்டு இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிற்று. சென்னை நகரத்தின் நடுவே கிண்டி தேசியப் பூங்காவில் சுமார் 670 ஏக்கர் இருக்கிறது. ஆந்திரத்தில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில், ராக்கெட் ஏவும் தளத்தைச் சுற்றி இருக்கிறது.

மற்றதெல்லாம்? ஐயனாரும் அம்மனும் காப்பாற்றியவை! ‘சாமி காட்டில் கத்தி வைக்கக் கூடாது’ என்ற ஒரே ஒரு பயம், பல தலைமுறைகளாகச் சில ஏக்கர் காடுகளை ஊர் ஊராகக் காத்து வந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் புத்துப்பட்டு ஐயனார் கோவில் காடு இதற்கு நல்ல உதாரணம். புதுவைப் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் அங்கே பல வருஷம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

விதை எங்கே கிடைக்கும்?

‘காடு போனால் என்ன, மரம் நட்டால் போயிற்று’ என்று சிலர் சொல்வார்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம்.

ஜப்பானில் அகிரா மியாவாக்கி என்று ஒரு தாவர விஞ்ஞானி இருந்தார். 1928ல் பிறந்து 2021ல் மறைந்தார். தன் நாட்டின் ஆதிக் காடு எப்படி இருந்தது என்று அறிய அவர் எங்கே போனார் தெரியுமா? கோவில்களுக்கு! ஜப்பானிலும் கோவிலைச் சுற்றியுள்ள மரங்களை வெட்டுவதில்லை. அந்தக் காடுகளில் டபுவும் அதன் கூட்டாளிகளும் நின்றன. அந்த உள்ளூர் மரங்களின் விதைகளைச் சேர்த்து, நெருக்கமாக நட்டு, அவர் ஆலைகளைச் சுற்றியும் நகரங்களிலும் காடு வளர்த்துக் காட்டினார்.

அவர் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1976ல் சகாட்டா என்ற துறைமுக நகரில் பெரும் தீ பிடித்தது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் எரிந்தன. ஆனால் பழைய வீடொன்றில் இரண்டு டபு மரங்கள் நின்ற இடத்தோடு தீ நின்று போயிற்றாம். ஈரமும் கனமுமான இலை சுலபத்தில் பற்றிக் கொள்ளாது என்பது அவர் சொன்ன காரணம்.

இன்று ‘மியாவாக்கி காடு’ என்ற பெயர் தமிழ்நாட்டிலும் பிரபலம். நல்லதுதான். ஆனால் அந்த முறையின் உயிரே உள்ளூர் மரத்தில்தான் இருக்கிறது. கிடைத்த கன்றையெல்லாம் நெருக்கி நட்டால் அது தோப்பு, காடு ஆகாது. பாலையும் காசாவும் வீரையும் நட வேண்டும். அவற்றின் விதைக்கு எங்கே போவது? சந்தையில் விற்பதில்லை. ஐயனார் கோவில் காட்டுக்குத்தான் போக வேண்டும்!

புதுச்சேரி அருகே ஆரோவில்லில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1968ல் அந்த ஊர் தொடங்கியபோது, அது மழை அரித்த வெறும் செம்மண் மேடு. முதலில் மண்ணை நிறுத்த வரப்பு போட்டார்கள். வேகமாக வளரும் மரங்களை நிழலுக்கு வைத்தார்கள். பிறகு சுற்றுப்புறக் கோவில் காடுகளிலிருந்து விதை சேர்த்து வந்து, இந்தக் கரைக்குரிய மரங்களை வளர்த்தார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது.

துடைப்பமும் ஒரு கோடரிதான்!

ஆனால் மூலக் காடுகளே இப்போது ஆபத்தில் இருக்கின்றன.

கத்தி வைக்கக் கூடாது என்ற பயம் குறைந்து வருகிறது. சிறிய கோவில் பெரிய கோவிலாகிறது. சிமெண்டுத் தரை போடுகிறார்கள். வண்டி நிறுத்த ஓரத்தில் கொஞ்சம் வெட்டுகிறார்கள். பொங்கல் வைக்க இன்னும் கொஞ்சம் வெட்டுகிறார்கள். வெளியிலிருந்து வந்த வேலிக்கருவேலமும் உண்ணிச் செடியும் அந்த இடைவெளியில் நுழைகின்றன.

பக்தியோடு செய்கிற கெடுதல் ஒன்றும் உண்டு. ‘சாமி காடு சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று மரத்தடியைக் கூட்டிச் சருகைக் கொளுத்திவிடுகிறார்கள். அந்தச் சருகுக்கு அடியில்தான் பாலை விதை ஈரம் பிடித்து முளைக்க வேண்டும்! மேலே பெரிய மரங்கள் நிற்பதால் காடு நன்றாக இருப்பது போலத் தோன்றும். கீழே குனிந்து பார்த்தால் ஒரு கன்றுகூட இராது. பெரியவர்கள் மட்டும் இருந்து, குழந்தைகளே இல்லாத வீடு அது. அந்த வீடு எத்தனை நாளைக்கு?

இதற்குப் பெரிய திட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. குலதெய்வக் கோவிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் சில காரியங்கள் செய்யலாம். பிளாஸ்டிக் பையைக் காட்டுக்குள் போடாமல் திருப்பி எடுத்து வரலாம். அடுப்பை மரத்தடியில் மூட்டாமல் வெட்டவெளியில் மூட்டலாம். சருகைக் கூட்டாமல் விடும்படி ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லலாம். பாட்டியிடம் கேட்டு, அங்குள்ள ஐந்து மரங்களின் பெயரையாவது பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாம். பெயர் தெரிந்த மரத்தை வெட்டக் கை கூசும் அல்லவா?

பொழுது சாய்கிறது. கடற்காற்று வீசத் தொடங்குகிறது. ஆடு மேய்க்கும் சிறுவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக் கொள்கிறான். கீழே கிடந்த பாலைப் பழம் ஒன்றைப் பொறுக்கி, ஊதி, வாயில் போடுகிறான். ஆடுகளை ஓட்டிக் கொண்டே, போகிற வழியில் கொட்டையைத் துப்புகிறான்.

அது விழுந்த இடத்தில் சருகு இருந்தால், வருகிற ஐப்பசி மழையில் அங்கே ஒரு பாலைக் கன்று தலை தூக்கும்.